வசனம் கேட்கலையா? வால்யூமை விடு, செட்டிங்கைப் பார்!

தம்பி, ஹோம் தியேட்டர் உள்ள பல வீடுகளில் படம் முடியும்வரை ஒருவர் கையில் ரிமோட் இருந்துகொண்டே இருக்கும். கதாநாயகி பேசினால் வால்யூமைக் கூட்டுவார், சண்டை வந்ததும் பதறிப்போய்க் குறைப்பார். ஸ்பீக்கர் மட்டமானது என்று நினைத்து அடுத்த செட்டுக்குக் காசு சேர்க்கிறவர்களும் உண்டு. பெரும்பாலும் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை. ரிசீவருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் செட்டப் மெனுவை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு ஞாயிறு மதியத்தை ஒதுக்கு, போதும். உன்னிடம் 5.1 செட், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் பாஸுக்கான ஒரு சப்வூஃபரும், இருப்பதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

மெனுவுக்குப் போகும் முன் ஸ்பீக்கர்கள் எங்கே இருக்கின்றன என்று பார். வயர் இழுக்க வசதி என்று ஐந்தையும் கூரையோரத்தில் அறைந்துவிட்டுப் போவது இங்கே வழக்கமாகிவிட்டது. அப்படி மாட்டினால் எந்த செட்டிங்கும் முழுதாகக் காப்பாற்றாது. முன்னால் உள்ள இரண்டும் உட்கார்ந்தவர் காது உயரத்தில் இருக்கட்டும். நீ அவற்றிலிருந்து 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், இரண்டுக்கும் நடுவே இரண்டேகால் மீட்டர் முதல் 3 மீட்டர் வரை இடைவெளி விடு. சென்டர் ஸ்பீக்கரை டிவி அலமாரிக்குள் உள்ளே தள்ளி வைக்காதே. பலகையின் முன் விளிம்புக்கு இழுத்து, முகத்தைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வை. வசனம் கேட்காத வீடுகளில் இந்த ஒரு வேலையே பாதிக் குறையைத் தீர்த்துவிடும். சரவுண்ட் இரண்டும் காதுக்கு நேர் பக்கத்திலிருந்து சற்றுப் பின்தள்ளி, காதைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தால் சரி.

ரிசீவரை அணைத்துவிட்டு வயர்களைப் பார். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரே ஒரு ஸ்பீக்கரில் மாறிப்போனாலும் பாஸ் காணாமல் போகும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. பிரிந்த செம்புக் கம்பி ஒன்று பக்கத்து முனையைத் தொட்டாலும் ரிசீவர் தானாக அணைந்துவிடலாம்.

சப்வூஃபருக்குப் பின்னால் இரண்டு திருகு இருக்கும். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழ் உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்று வெட்டும் கிராஸ்ஓவர் திருகை அதிகபட்சத்துக்குத் திருப்பு, அல்லது எல்எஃப்இ என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடு. எதை வெட்டுவது என்பதை ரிசீவர் ஒன்றே முடிவு செய்யட்டும், இரண்டு பேர் வெட்டினால் நடுவில் ஓட்டை விழும். வால்யூம் திருகைப் பாதியில் நிறுத்து. சப்வூஃபரை எங்கே வைப்பது என்பதற்குக் கேலிக்கூத்தாகத் தோன்றும் ஒரு வழி உண்டு, ஆனால் பலிக்கும். அதைத் தூக்கி நீ உட்காரும் சோபாவின் மேலேயே வைத்து, பாஸ் நிறைந்த ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போ. பாஸ் கும்மென்று ஊதாமல் சீராகக் கேட்கும் இடம் எதுவோ, அங்கே சப்வூஃபரை இறக்கு. மூலையில் வைத்தால் சத்தம் கூடும்தான், தெளிவு போய்விடலாம். அடுக்குமாடியில் இருந்தால் அடியில் கனமான ரப்பர் விரிப்பு போடு, கீழ்வீட்டாரின் தூக்கம் பிழைக்கும்.

அடுத்து தானியங்கி அளவீடு. டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பாவோ, ஆன்கியோவில் அக்யூஈக்யூ என்று பெயர்தான் மாறும், வேலை ஏறக்குறைய ஒன்றே. பெட்டியோடு வந்த குட்டி மைக்கைத் தேடி எடு. அதைக் கையில் பிடிக்காதே, சோபா முதுகில் சாய்த்தும் வைக்காதே. போனுக்கு வைத்திருக்கும் ட்ரைபாட் போதும், காது உயரத்தில் நிற்க வை. ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் மூன்றையும் நிறுத்து. அடுப்பில் குக்கர் இருக்கும் நேரத்தில் ஆரம்பிக்காதே, விசில் நடுவில் அடித்தால் முதலிலிருந்துதான். பல இடங்களில் மைக்கை வைத்து அளக்கச் சொன்னால், முதல் இடம் நீ வழக்கமாக உட்காரும் இடமாக இருக்கட்டும். ஸ்பீக்கர்களின் தூரத்தை அங்கிருந்துதான் அது கணக்கிடும்.

அளவீடு முடிந்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். அங்கேதான் நீ உட்கார வேண்டும். மைக் சொன்னதை அப்படியே நம்பிவிடாமல் மெனுவை ஒருமுறை கையால் சரிபார்.

முதலில் ஸ்பீக்கர் சைஸ். முன் ஸ்பீக்கர்களுக்கு லார்ஜ் அல்லது ஃபுல் பேண்ட் என்று போட்டிருந்தால் ஸ்மாலுக்கு மாற்று. ஆளுயர டவர் ஸ்பீக்கருக்கு ஸ்மால் என்பது மனசுக்குக் கேட்காது, தெரியும். இது உருவத்தைப் பற்றிய பேச்சே இல்லை. ஸ்மால் என்றால் அந்த ஸ்பீக்கரின் அடிநாதம் சப்வூஃபருக்குப் போகும். முன் ஸ்பீக்கரும் ரிசீவரின் ஆம்ப்ளிஃபையரும் பாரம் குறைந்து தெளிவாகப் பேசும். பாஸ் பகுதியில் எல்எஃப்இ பிளஸ் மெயின் என்று ஒரு வாய்ப்பு இருக்கும். ஒரே பாஸை இரண்டு இடத்திலிருந்து கொட்டும் ஏற்பாடு அது, எனக்குப் பிடிக்காது. வெறும் எல்எஃப்இ போதும்.

பிறகு கிராஸ்ஓவர். 80 ஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம், திரையரங்க ஒலித் தரம் வகுக்கும் டிஹெச்எக்ஸ் முறையும் இதைத்தான் சொல்கிறது. உள்ளங்கை அளவு சேட்டிலைட் ஸ்பீக்கர் என்றால் 120, சில சமயம் 150 வரை போகலாம். தானியங்கி அளவீடு தந்த எண்ணை மேலே ஏற்றினால் பரவாயில்லை. கீழே இறக்காதே, அந்த ஸ்பீக்கரால் முடியாது என்று மைக் ஏற்கெனவே அளந்து சொல்லியிருக்கிறது.

தூரம் சாதாரண விஷயம்போல இருக்கும், ஆனால் இதில்தான் சரவுண்டின் சூட்சுமமே இருக்கிறது. ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். சென்டர் உன்னிடமிருந்து 3 மீட்டரிலும், சரவுண்ட் ஒன்றரை மீட்டரிலும் இருந்தால், சரவுண்ட் 4 மில்லி செகண்டுக்கு மேல் முந்திக்கொள்ளும். பக்கத்தில் உள்ளதை ரிசீவர் அவ்வளவு நேரம் தாமதித்து, எல்லா ஒலியும் ஒன்றாக வந்து சேரும்படி செய்கிறது. டேப் எடுத்து அளந்து, மெனு காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார். சில சென்டிமீட்டர் வித்தியாசத்தை விட்டுவிடு. சப்வூஃபருக்கு மட்டும் உண்மையான தூரத்தைவிட அதிகமாகக் காட்டலாம். அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட் எடுக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட எண் அது, திருத்தாதே.

சப்வூஃபரின் லெவல் மைனஸ் 12 போன்ற கடைசி எண்ணில் நின்றால், பின்னால் உள்ள வால்யூம் திருகைக் குறைத்துவிட்டு அளவீட்டை மறுபடி ஓட்டு. மற்ற ஸ்பீக்கர்களுக்கு டெஸ்ட் டோனை ஓடவிட்டு, போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை உட்காரும் இடத்தில் வைத்துப் பார். எல்லாம் ஒரே அளவு காட்டினால் சரி. காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் ஒப்பிட உதவும். அதற்குப் பிறகும் வசனம் அமுங்கினால் சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்று. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. டைல்ஸ் தரை, வெறும் சுவர் உள்ள நம் ஹாலில் எதிரொலி குரலை விழுங்கும். டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே கனமான ஜமுக்காளமோ கார்ப்பெட்டோ விரித்து, ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டால் எந்த மெனுவும் தராத தெளிவு வரும்.

டிவியின் ஆப்பிலிருந்து படம் பார்க்கிறாய் என்றால் டிவியின் சவுண்ட் மெனுவையும் திற. டிஜிட்டல் அவுட்புட் பிசிஎம் என்று இருந்தால், ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி வழியே வெறும் ஸ்டீரியோதான் ரிசீவருக்கு வரும். பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ்த்ரூ என்று மாற்று. ரிமோட்டில் ஆல் சேனல் ஸ்டீரியோ பட்டன் அமுங்கியிருந்தால் ஐந்து ஸ்பீக்கரும் ஒரே பாட்டைப் பாடும். விருந்துக்கு நல்லது, படத்துக்கு ஆகாது. குழந்தை தூங்கிய பிறகு பார்ப்பதற்கு நைட் மோட் அல்லது டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரெஷனைப் போடு. வெடிச் சத்தம் அடங்கும், கிசுகிசுப்பு மேலே வரும். காலையில் மறக்காமல் அணைத்துவிடு.

எல்லாம் பிடித்தமாக அமைந்ததும் ஒவ்வொரு மெனு பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள். யாராவது ரீசெட் பட்டனை அமுக்கினால் எண்களைத் திரும்பப் போட உதவும். சோபாவையோ ஸ்பீக்கரையோ இடம் மாற்றினால் மட்டும் அந்தப் படங்களை நம்பாதே, மைக்கை எடுத்து மறுபடி அள.