பொறியின் பொறிகள்

பொறி என்பது தமிழில் பல பொருள் தரும் ஒரு சொல். மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தையும் ஐம்பொறி என்கிறோம். நெருப்பினின்று தெறிப்பதும் பொறி. மாந்தர் அறிவால் அமைத்த இயந்திரமும் பொறியே. இம்மூன்று பொருளும் ஓரிடத்திற் கூடியிருத்தலைக் காண விரும்புவோர் இக்காலத்து மோட்டார் வண்டியின் முன்மூடியைத் திறந்து நோக்குதல் வேண்டும். எஞ்சின் என்னும் பொறி தீப்பொறியால் இயங்குகிறது. தன் நிலையைச் சில உணர்பொறிகளால் அறிந்துகொள்கிறது. இவ்வுணர்பொறிகளைப் பட்டறையில் சென்சார் என்பர். அறிவியல் நூலார் உணரி என்பர்.

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து மலையை நோக்கிச் செல்லும் சாலை குரங்கணியை அடைகிறது. முற்காலத்தில் மூணாற்று மலைத்தோட்டத்துத் தேயிலை, டாப் ஸ்டேஷன் என்னும் மலையுச்சியிலிருந்து கம்பிவடத்தின் வழியே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டிகளில் போடியை அடைந்தது. உச்சிவரை வந்த மலை இரயில் பாதை 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்துபோயிற்று. இன்று மலைவழியில் சுமை தாங்குவன மோட்டார் வண்டிகளே. போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டைஊசி வளைவுகளையும் கடந்து, ஏலத்தோட்டத் தொழிலாளரை ஜீப்புகள் நாள்தோறும் ஏற்றிச் செல்கின்றன. அத்தகைய சாலையில் எஞ்சின் திடீரென நின்றால் காலம் மட்டும் வீணாவதன்று. எஞ்சினின் துணையால் இலகுவாக இயங்கும் ஸ்டியரிங் கடினமாகிவிடும்; பிரேக்கும் சிலமுறை மிதித்தபின் கடினமாகிவிடும். ஆதலின் வண்டி பழுதுபார்ப்போன் கையில் பல உயிர்கள் இருக்கின்றன என்பது மிகையன்று.

பெட்ரோல் எஞ்சினின் தொழில் நால்வகைப்படும். பிஸ்டன் கீழிறங்கிக் காற்றையும் எரிபொருளையும் உள்ளிழுத்தல் முதலாவது. மேலேறி அக்கலவையை அழுத்துதல் இரண்டாவது. ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறியால் கலவை எரிந்து பிஸ்டனை உந்துதல் மூன்றாவது. எரிந்த புகையை வெளியேற்றுதல் நான்காவது. இந்நான்கும் நிறைவேறுவதற்குள் கிராங்க் ஷாஃப்ட் என்னும் அச்சு இருமுறை சுழலும். ஒரு கிராம் பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்துணைப் பெட்ரோல், எக்கணத்தில் தீப்பொறி என்னும் இவ்விரண்டையும் அளந்து செய்வதே எஞ்சின் ஆளுகையின் முழு இரகசியம். முன்னாளில் இவ்வளவைக் கார்ப்பரேட்டர் என்னும் கருவி செய்தது. இன்று உணரிகள் செய்தி தர, ஈ.சி.யூ. என்னும் சிறு கணிப்பொறி கணக்கிட்டு, இன்ஜெக்டர் வழியே எரிபொருளைத் தெளிக்கிறது.

உணரிகளுள் தலையாயது கிராங்க் உணரி. அச்சோடு சுழலும் பற்சக்கரம் ஒன்றின் அருகே இது அமைந்திருக்கும். பல வண்டிகளில் அச்சக்கரம் அறுபது பற்களுக்குரிய இடமுடையது. ஆயினும் இரண்டு பற்கள் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். ஒவ்வொரு பல்லும் கடக்குந்தோறும் ஒரு மின்துடிப்பு எழும். வெற்றிடம் வரும்போது துடிப்பு நிற்கும். அவ்விடைவெளியை அடையாளமாகக் கொண்டே பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதைக் கணிப்பொறி அறிகிறது. இவ்வுணரி பழுதுற்றால் பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் நின்றுவிடும்.

அடுத்தது வெப்ப உணரி. இது எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மத்தில் தோய்ந்திருக்கும். வெப்பம் ஏறுந்தோறும் இதன் மின்தடை குறையும். பலவற்றில் 20 பாகை செல்சியசில் ஏறக்குறைய 2,500 ஓம் ஆகவுள்ள தடை, 80 பாகையில் முந்நூறு ஓம் அளவிற்கு இறங்கிவிடும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. உணரியின் கம்பி அறுந்தால் தடை எல்லையற்றதாகும். எனவே, எஞ்சின் பனிக்கட்டியினும் குளிர்ந்திருப்பதாகக் கணிப்பொறிக்குத் தோன்றும். பழைய அமைப்புகளில் இதனால் பெட்ரோல் மிகுதியாகத் தெளிக்கப்பட்டுக் கரும்புகை எழும். புதியவை பிழையை உணர்ந்து, ஒரு மாற்று அளவைக் கொண்டு ஓடும். விளக்கெரித்து எச்சரிக்கவும் செய்யும்.

மலைநாட்டிற்கு இன்றியமையாதது காற்றழுத்த உணரி. போடி கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. டாப் ஸ்டேஷனோ ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் போடியிலிருப்பதனினும் ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தும் பெட்ரோல் அதற்கேற்பக் குறையாமையால், கார்ப்பரேட்டர் வண்டிகள் உச்சியில் மூச்சுத் திணறின. காற்றழுத்த உணரியோ ஒவ்வொரு வளைவிலும் காற்றின் அளவைக் கூறிக்கொண்டே செல்கிறது.

புகைக்குழாயில் அமைந்தது ஆக்சிஜன் உணரி. எரிந்த புகையில் எஞ்சிய ஆக்சிஜனை இது முகர்ந்தறியும். பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட் அளவும், குறைந்தால் 0.1 வோல்ட் அளவும் மின்னழுத்தம் காட்டும். இது பொய் கூறினால் எரிபொருள் வீணாவதோடு, எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரில் எரிந்து, அதனைச் செந்தழலாகக் காய்ச்சும். அத்தகைய வண்டியைக் காய்ந்த புல்லின்மேல் நிறுத்துதல் தீங்கு பயக்கும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேற வந்தோர் இருபதின்மருக்கு மேல் மாண்டனர். அத்தீயை ஊர்தியோடு தொடர்புபடுத்துவதற்கில்லை. எனினும் கோடைப்புல் எத்துணை விரைவில் பற்றிப் பரவும் என்பதை அது யாவர்க்கும் உணர்த்திற்று.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை மிக அழுத்துதலால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கும். ஆயினும் அச்சின் நிலை, வெப்பம், எரிபொருளின் அழுத்தம் முதலியவற்றை அறியும் உணரிகள் இக்காலத்து டீசல் எஞ்சினுக்கும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நாளன்று பாரத் நிலை ஆறு என்னும் புகைவிதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், இவற்றின் இன்றியமையாமை மேலும் பெருகிற்று.

உணரியின் பிழையைக் கணிப்பொறி ஓர் எண்ணாகப் பதிந்துவைக்கும். பி 0118 என்பது வெப்ப உணரியின் மின்சுற்றில் அழுத்தம் மிகுந்தது என்பதைக் குறிக்கும். அதனைக் கண்டவுடன் உணரியை மாற்றிவிடுதல் பேதைமை. கம்பி எலியால் கடிபட்டிருக்கலாம். இணைப்பில் பாசி படர்ந்திருக்கலாம். முதலிற் கண்ணால் நோக்குக. பின்னர் மல்டிமீட்டரால் அளந்தறிக. இறுதியிலேயே பொருளை மாற்றுக. காய்ச்சல் நோயின் அறிகுறியேயன்றி நோயன்று என்பதை நல்ல மருத்துவன் அறிவான். அதுபோன்றதே இவ்வெண்ணும்.

எண்ணெய் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் செவ்விளக்கு எரிந்தால், வண்டியைத் தகுந்த இடத்தில் ஒதுக்கி, எஞ்சினை உடனே நிறுத்துதல் வேண்டும். விளக்கு எரிவது கண்ணை உறுத்துகிறதென்று அதன் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பழுது தீர்ந்ததெனக் கூலி பெறுவாரும் உளர். வீட்டுக்கு நெருப்புப் பிடித்ததென்று கூவுவானின் வாயைப் பொத்துதலை இது ஒக்கும்.

தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதலாக ஆறறிவு ஈறாக வகுத்துரைக்கிறது. ஆறாவது அறிவாவது மனம். எஞ்சினுக்கு ஐந்தினும் மிக்க உணர்பொறிகளை மாந்தர் அமைத்துத் தந்துள்ளனர், மனத்தையோ தந்திலர். எனவே, உணரி கூறுவது மெய்யோ பொய்யோ என ஆராய்தலும், பிறருயிரைத் தன்னுயிர்போல் எண்ணிக் கைவினையை நேர்மையுடன் செய்தலும் பட்டறையில் நிற்பவனின் கடமையாகும். அவ்வாறாவது அறிவு உடையவனே சிறந்த தொழில்வல்லான்.

வினாக்கள்

1. பொறி என்னும் சொல் இப்பாடத்தில் எவ்வெப் பொருள்களில் வந்துள்ளது?
2. வெப்ப உணரியின் கம்பி அறுந்தால் கணிப்பொறி யாது எண்ணும்? ஏன்?
3. மலையுச்சியில் கார்ப்பரேட்டர் வண்டிகள் திணறியது எதனால்?
4. பிழை எண்ணைக் கண்டவுடன் உணரியை மாற்றுதல் பேதைமை என்று ஆசிரியர் கூறுவதற்குக் காரணம் தருக.