‘ஐ’யோ, ‘மீ’யோ?

ஆசிரியர் அறைக் கதவை ஒருநாள் ஒரு மாணவன் தட்டினான். தமிழ் கற்பிப்போமாயினும், “யார் அது?” என ஆங்கிலத்தில் வினவினோம். “இற் இஸ் மீ, சேர்” என்றான். “‘இற் இஸ் ஐ’ என்று சொல்லும்” எனத் திருத்தினோம். அவன் வந்த காரியத்தைக் கூறாமலே தலைகுனிந்து சென்றுவிட்டான். நாம் திருத்தியது முறையோ என்னும் ஐயம் அன்று தொட்டு எம்மை விட்டு நீங்கவில்லை.

ஆங்கிலப் பிரதிப்பெயர்களுள் ‘ஐ’ எழுவாய் வடிவம். ‘மீ’ செயப்படுபொருள் வடிவம். ‘இஸ்’ முதலியவற்றின் பின் வரும் பெயரும் எழுவாய் வடிவமே பெறவேண்டும் என்பது விதி. இலத்தீன் மொழிக்கு இது நன்கு பொருந்தும். றொபேட் லோத் 1762இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்திலும் இவ்விதியை வகுத்தார். யோசேப்பு பிரீஸ்ற்லியோ, பேச்சு வழக்கையும் நல்லெழுத்தாளர் நடையையும் காட்டி, 1768இல் இதனை மறுத்துரைத்தார். இன்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையோர் பேச்சில் ‘மீ’யே இயல்பாக வருகின்றது.

கடுந் திருத்தம் வேறொரு வழுவுக்கும் வழிவிடும். எழுவாய் நிற்குமிடத்தில் ‘யூ அன்ட் மீ’ என்று கூறிக் கண்டிக்கப்பட்ட பிள்ளை, ‘பிற்வீன் யூ அன்ட் மீ’ என்னுஞ் சரியான தொடரிலும் ‘மீ’க்கு அஞ்சி ‘ஐ’ என்கின்றான்.

ஒருமை பன்மை பற்றிய பிணக்கும் பழையதே. முன்னாளில் ‘யூ’ பன்மைச் சொல். ஒருவரைத் ‘தௌ’ என்றனர். மரியாதை கருதி ஒருவரையும் ‘யூ’ என அழைக்கும் வழக்கம் பரவியபோது, குவேக்கர் சபையைத் தோற்றுவித்த ஜோர்ஜ் பொக்ஸ் அதனைக் கண்டித்துத் தோழர் இருவருடன் 1660இல் ஒரு நூலே வெளியிட்டார். இன்று அதனைக் குறைகூறுவார் இலர். ஆணோ பெண்ணோ எனத் தெரியாத ஒருவரைத் ‘தே’ எனச் சுட்டுதல் 14ஆம் நூற்றாண்டு முதல் உள்ளதாயினும், பன்மைச் சொல் என இலக்கணிகள் விலக்கினர். அமெரிக்க உளவியற் சங்கம் 2019இல் வெளியிட்ட நடைக் கைந்நூல் அதனை ஏற்றுக்கொண்டது.

தமிழர்க்கு இது புதிதன்று. பலர்பாற் சொல்லாகிய ‘அவர்’ இன்று ஒருவரையே உயர்த்திக் கூறுகின்றது. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கிலுள்ள உயர்சொல். இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வேறுபடுத்திக் காட்டினார். வழக்கை மறைத்தாரல்லர், இலக்கணத்தையும் விட்டாரல்லர். அன்று அம்மாணவனிடம் நாம் கூறிய ‘சொல்லும்’ என்பதும் பன்மை ஏவலே. ஒருவராகிய நாம் ‘நாம்’ என எழுதுவதும் அத்தகையதே. நம் நாவில் இத்தனை வழக்குகளை வைத்துக்கொண்டு, அவன் நாவிலிருந்த ஒன்றைக் கடிந்தோம்.

ஆதலின் மாணவர்காள், விதியைக் கற்று, பரீட்சையிலும் முறைசார்ந்த எழுத்திலும் அதனைப் பேணுங்கள். பேசுமிடத்து அஞ்சாது பேசுங்கள். ஆசிரியராகிய நாமோ, கதவைத் தட்டியவனை முதலில் உள்ளே அழைப்போம். அவன் வந்த காரியத்தைக் கேட்போம். பிரதிப்பெயரைப் பின்னர் ஆராயலாம்.