இறக்கை அசைக்கும் இயந்திரத் தேனீ

கிள்ளானில் நாம் காணும் காகங்கள், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக நூறாண்டுகளுக்கு முன்பே இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட இனமாகும். அவற்றின் இறக்கைகளை அசைப்பவை நெஞ்சுத் தசைகள். தசைகளுக்கு வலிமை தருவது உணவு.

இயந்திரத்துக்கும் தசை உண்டா? உண்டு. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர்கள், நான்கு இறக்கைகள் கொண்ட ஆளில்லாத் தேனீ ஒன்றைப் பறக்கவிட்டனர். மின்சாரம் பாயும்போது வளையும் பீங்கான் பட்டைகளே அதன் தசைகள். மேலே பொருத்திய சூரிய மின்கலங்கள் தரும் மின்சாரமே அதன் உணவு. எடை 259 மில்லிகிராம். ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு அரிசி மணிகளின் அளவே!

ஆயினும், அது பறந்தது ஒரு நொடிக்கும் குறைவே. அதற்கும் வெயிலைப்போல் மும்மடங்கு ஒளி தரும் விளக்குகள் தேவைப்பட்டன. நம் தோட்டத்து வெயிலில் நாளெல்லாம் பறக்கும் தேனீயைச் செய்வது வருங்கால அறிஞரின் பணி. மாணவச் செல்வங்களே, அவ்வறிஞர் நம்மில் ஒருவராக இருத்தல் ஆகாதா?