மாணிக்கம் வாங்கும்போது நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்

மாணிக்கக் கல் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "ஒரிஜினல்தானே?" என்பதுதான். "ஒரிஜினல்தாங்க, கியாரண்டி" என்று பதிலும் உடனே வந்துவிடும். அந்த ஒரு கேள்வியை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். இது மாணிக்கம்தானா, வேறு சிவப்புக் கல்லா? மாணிக்கம்தான் என்றால் மண்ணில் விளைந்ததா, ஆலையில் வளர்த்ததா? மண்ணில் விளைந்தது என்றால், இந்த நிறத்துக்கும் பளபளப்புக்கும் கொண்டுவர அதை என்ன செய்தார்கள்? விலை தலைகீழாக மாறுவது இந்த மூன்று இடங்களில்தான்.

சிவப்பு நிறத்தில் ஸ்பைனல் உண்டு, கார்னெட் உண்டு, கண்ணாடியும் உண்டு. இங்கிலாந்து அரச கிரீடத்தின் முன்புறம் பதித்திருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' உண்மையில் ஒரு ஸ்பைனல். அரண்மனைக்கே அந்தக் கதி என்றால் நம் கண்ணை நம்பி என்ன பயன்? பாலில் போட்டால் பால் சிவப்பாகத் தெரியும் என்று ஒரு சோதனை சொல்வார்கள். தெளிவான எந்தச் சிவப்புக் கல்லைப் போட்டாலும் அப்படித்தான் தெரியும். கண்ணில் ஒற்றிக் குளிர்ச்சி பார்ப்பதும் மாணிக்கத்தை ஸ்பைனலிலிருந்து பிரித்துக் காட்டாது. கீறிப் பார்ப்பதோ கல்லைக் கெடுக்கும் வேலை. இவற்றை விட்டுவிடுங்கள்.

நகையில் பதிக்காத கல் என்றால் ஒப்படர்த்தியை, அதாவது கல் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பதை, நீங்களே பார்க்கலாம். ஒரு மில்லிகிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு போதும். முதலில் கல்லை எடை போடுங்கள். பிறகு சிறு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியிலோ ஓரத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது கல் விலக்கிய தண்ணீரின் எடை. கல்லின் எடையை அதனால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். 6 கேரட் கல்லின் எடை 1.2 கிராம். தராசு 0.300 காட்டினால் விடை 4.00, அது மாணிக்கத்தின் எண். 0.333 காட்டினால் விடை 3.60, கையில் இருப்பது ஸ்பைனல். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தவறும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் குமிழி ஒட்டாது.

கார்னெட்டில் சில வகைகளும் 4.00-க்குப் பக்கத்திலேயே நிற்கும். அங்கே டைக்ரோஸ்கோப் என்ற சிறு குழாய் கைகொடுக்கும். அதன் வழியே பார்த்தால் மாணிக்கத்தில் ஊதா கலந்த சிவப்பும் ஆரஞ்சு கலந்த சிவப்பும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். கார்னெட்டும் ஸ்பைனலும் கண்ணாடியும் ஒரே நிறத்தைத்தான் காட்டும். மாணிக்கத்திலும் ஒரு குறிப்பிட்ட திசையில் பார்த்தால் இரு நிறம் தெரியாது. அதனால் கல்லைத் திருப்பித் திருப்பி மூன்று பக்கமாவது பாருங்கள்.

இவ்வளவிலும் ஆலைக் கல்லும் தேறிவிடும். காரணம், அதுவும் மாணிக்கம்தான். அதே அலுமினா, அதே குரோமியம். பிரெஞ்சு வேதியியலாளர் ஆகுஸ்த் வெர்னுயி 1902-ல் வெளியிட்ட முறையில், அலுமினாத் தூளை ஹைட்ரஜன்–ஆக்சிஜன் சுடரின் வழியே சொரிந்து உருக்கிப் படிகமாக வளர்க்கிறார்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "பாட்டி காலத்து நகை, அதனால் அசல்" என்பது ஏற்க முடியாத வாதம். 1920-களில் செய்த தோட்டிலும் வெர்னுயி கல் இருக்கலாம். பழைய கெம்பு நகைகளில் பின்பக்கத்தை மூடிக் கல்லுக்கு அடியில் தகடு வைத்திருப்பார்கள். அந்தத் தகடே நிறத்தைக் கூட்டிக் காட்டும். நல்ல விலை பேசுமுன் கல்லைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மண்ணா ஆலையா என்பதை எடையும் நிறமும் சொல்லா. உள்ளே பார்க்க வேண்டும். 10 மடங்கு லென்ஸை ஒரு கையால் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். விளக்கு பக்கவாட்டில் இருக்கட்டும். வெர்னுயி கல் உருகிய துளிகள் குவிந்த முகட்டில் அடுக்கடுக்காக வளர்வதால், உள்ளே இசைத்தட்டின் கோடுகள் போல வளைந்த வரிகள் ஓடும். உருண்டைக் குமிழிகளும் தட்டுப்படலாம். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கல்லைப் போட்டு வெள்ளைத்தாளின் மேல் வைத்துப் பார்த்தால் அந்த வரிகள் இன்னும் எளிதாகப் பிடிபடும். பூமியில் விளைந்த கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக ஓடிக் கோணத்தில் மடங்கும். மெல்லிய ஊசிகள் 60 பாகையில் ஒன்றையொன்று வெட்டி நிற்பதும் உண்டு. உள்ளே ஒன்றுமே இல்லாத, பெரிய, மலிவான மாணிக்கம் என்றால் சந்தேகப்படுங்கள். ஃப்ளக்ஸ் என்ற இன்னோர் ஆலை முறையில் வளர்த்த கற்கள் லென்ஸையே ஏமாற்றும். ஆகவே லென்ஸால் ஒரு கல்லைத் தள்ளலாம். ஏற்பதை ஆய்வகத்துக்கு விடுங்கள்.

மூன்றாவது கேள்வியில்தான் இன்று பலர் பணத்தை இழக்கிறார்கள். சூடேற்றுவது தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம். சந்தையில் உள்ள மாணிக்கங்களில் பெரும்பாலானவை சூடேற்றியவையே. சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. ஈயக் கண்ணாடி ஊட்டிய கல் வேறு ரகம். விரிசல் நிறைந்து விலைபோகாத கல்லின் இண்டு இடுக்கில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கிச் செலுத்தித் தெளிவாக்கிவிடுகிறார்கள். 2004 வாக்கில் பாங்காக் வழியாகச் சந்தையில் பரவத் தொடங்கியது இது. லென்ஸின் கீழ் கல்லை மெல்லச் சாய்த்தால் விரிசல்களில் நீல ஒளி பளிச்சென்று மின்னி மறையும்; விரிசலுக்குள் தட்டையான குமிழிகளும் தெரியும். இந்தக் கல் எலுமிச்சைச் சாற்றுக்கே தாங்காது. மோதிரத்தைப் பெரிதாக்கப் பத்தர் கல்லோடு சேர்த்துச் சூடு காட்டினால் கண்ணாடி பாழாகும். உங்கள் கல் இந்த ரகமோ என்ற ஐயம் இருந்தால், பற்றவைக்குமுன் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள்.

ஆய்வக அறிக்கை கையில் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது 'ட்ரீட்மெண்ட்' அல்லது 'கமெண்ட்ஸ்' என்ற வரி. 'நேச்சுரல்' என்று பெரிதாகப் போட்டுவிட்டு, 'லெட் கிளாஸ் ஃபில்டு' என்பது கீழே சிறிய எழுத்தில் இருக்கலாம். கல்லின் எடையும் அளவும் அறிக்கையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். கடை தானே அச்சடித்துக் கொடுக்கும் அட்டை அறிக்கை ஆகாது.

ராசிக்காக அணிகிறீர்களோ, அழகுக்காகவோ, அது உங்கள் விருப்பம். பில்லில் கல்லின் பெயர், எடை, இயற்கையா செயற்கையா, சூடேற்றியதா, கண்ணாடி ஊட்டியதா என்று எழுதி வாங்குங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆய்வகம் வேறு விதமாகச் சொன்னால் பணம் திரும்பும் என்ற வரியும் அதில் இருக்கட்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.