கைப்பிடிப் பூவுக்கு ஒரு குட்டி நந்தவனம்



ஆண்டவனுக்குப் பொன்னும் பொருளும் காணிக்கையாக்க எல்லாராலும் இயலாது. ஆனால் ஒரு பூவைத் தர இயலாதவர் எவருமில்லை. இறைவனை வழிபட ஒரு பச்சிலையே போதும் என்பது திருமந்திரம் காட்டும் வழி. அன்போடு தரும் இலையையும் பூவையும் ஏற்பதாகக் கண்ணபிரான் கீதையில் உரைத்தார். திருப்புகலூரில் வைகறையில் எழுந்து வகைவகையாகப் பூப்பறித்து மாலை தொடுத்த முருக நாயனார், அந்தத் தொண்டினாலேயே அறுபத்துமூவரில் ஒருவரானார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துத் தண்ணீர் இறைத்தவர் பெரியாழ்வார். அந்த நந்தவனத்தில்தான் ஆண்டாள் நாச்சியார் கண்டெடுக்கப்பட்டார்.

நமக்கு நந்தவனம் ஏது என்று கேட்கலாம். மலேசியத் தமிழர் காதில் 'தோட்டம்' என்றாலே ரப்பர்த் தோட்டமும் செம்பனைத் தோட்டமும்தான். அந்தத் தோட்டத்து லயத்து வீடுகளின் முன்னே செம்பருத்தியும் இட்லிப்பூவும் வேலியாக நின்றதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோயிலுக்குப் போகும்போது கை நிறையப் பறித்துக்கொண்டு போனோம். பின்னர் தோட்டங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிவந்தோம். முன்வாசலைக் கார் பிடித்துக்கொண்டது. மிச்சத்துக்கு சிமெண்டு போட்டுவிட்டோம். இப்போது வெள்ளிக்கிழமைப் பூவுக்கும் கடையைத்தான் நாடுகிறோம்.

விழாவுக்கு மாலை வாங்குவது நல்லதுதான். பூக்கட்டிப் பிழைப்போர் குடும்பமும் வாழ வேண்டும். ஆயினும் அன்றாடப் பூசைக்கு வேண்டிய ஒரு கைப்பிடிப் பூவை வீட்டிலேயே விளைவிக்க முடியும். இரண்டடி அகல மண்ணோ, வெயில் விழும் இடத்தில் ஐந்தாறு தொட்டியோ இருந்தால் போதும். அதற்கு ஏற்றவை இரண்டு மூன்றடிக்குள் அடங்கும் குட்டைப் பூச்செடிகள்.

எந்தச் செடியை வைக்கலாம்?

இட்லிப்பூ: வெட்சி என்று சங்க நூல்கள் போற்றும் பூ இதுவே. தொல்காப்பியம் கூறும் வெட்சித் திணைக்குப் பெயர் தந்ததும், குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் இடம்பெற்றதும் இந்தப் பூதான். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். 1753-இல் லின்னேயஸ் இதற்கு வைத்த 'இக்ஸோரா' என்னும் தாவரவியல் பெயர், 'ஈஸ்வர' என்னும் சொல்லின் திரிபு என்பர். மலாய்க்காரர்கள் ஜாரும்-ஜாரும் என்பார்கள். சிறிய இலையுள்ள குட்டை வகையை நர்சரியில் கேட்டு வாங்குங்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு என்று பல நிறங்களில் கிடைக்கும். முருகனுக்கும் அம்மனுக்கும் உகந்த பூ.

நந்தியாவட்டை: சிவபெருமானுக்கு உரிய வெண்மலர். இதிலும் குட்டை வகை உண்டு. அரை நாள் வெயில் கிடைத்தாலும் பூக்கும் என்பதால், பக்கத்து வீட்டுச் சுவர் மறைக்கும் இடத்துக்கு ஏற்றது.

செம்பருத்தி: 1960-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் தேசிய மலர். விட்டால் ஆளுயரம் தாண்டிவிடும். வெட்டிவந்தால் மூன்றடியில் நிற்கும். புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும் என்பதால் வெட்ட அஞ்ச வேண்டாம். காளியம்மனுக்கும் விநாயகருக்கும் உகந்தது. ஒரு நாள் பூ. பறித்த அன்றே சாத்திவிட வேண்டும்.

குண்டுமல்லி: நல்ல வெயில் வேண்டும். தமிழகத்தில் நவம்பர் கடைசியில் செடியை ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி விடுவார்கள். ஆண்டு முழுதும் மழை பெய்யும் ஜொகூரில், ஒரு முறை பூத்து ஓய்ந்ததும் நுனிகளைக் கிள்ளிவிட்டால் மறுபடி அரும்பு கட்டும்.

இவற்றோடு ஒரு துளசியும் இருந்தால் பெருமாள் பூசைக்கும் குறையில்லை.

இலை ஏன் மஞ்சளாகிறது?

'லயத்தில் யாரும் கவனிக்காமலே இட்லிப்பூ பூத்துக் குலுங்கியது. தாமான் வீட்டில் உரம் போட்டும் மஞ்சளடித்துப் போகிறதே' என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். காரணம் மண்ணில் இருக்கிறது. நம் நாட்டு மண் இயற்கையாகவே புளிப்புத் தன்மை கொண்டது. இட்லிப்பூ விரும்புவது அதைத்தான். ஆனால் வீடு கட்டியபோது மிஞ்சிய சிமெண்டுத் துண்டுகளும் சாந்தும் தாமான் வீட்டு வாசல் மண்ணில் புதைந்து கிடக்கின்றன. அவற்றின் சுண்ணாம்பு கரைந்து மண்ணின் புளிப்பை முறித்துவிடுகிறது. அப்போது மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இதற்கு அடையாளம்.

இதற்கு மேலும் மேலும் உரம் கொட்டுவது மருந்தாகாது. ஓரடி ஆழத்துக்குத் தோண்டிக் கல்லையும் சாந்தையும் பொறுக்கி எறியுங்கள். சுவரை ஒட்டி நடாமல் ஓரடியாவது தள்ளி நடுங்கள். குழியில் மூன்று பங்கு நல்ல மண், இரண்டு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு மணல் கலந்து நிரப்புங்கள். தொட்டிக்கும் இதே கலவைதான். மஞ்சளடித்த பழைய செடிக்கு இரும்புச் சத்துக் கலவையை நர்சரியில் வாங்கி, பொட்டலத்தில் சொன்ன அளவில் கொடுத்தால் தேறிவிடும். சாந்தை அகற்றாவிட்டால் மஞ்சள் மறுபடி வரும்.

வளர்க்கும் முறை

இட்லிப்பூவுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். நிழலில் இலை செழிக்கும், பூ வராது. ஆண்டுக் கடைசியில் பருவமழை கொட்டும்போது வேரில் தண்ணீர் நின்றால் செடி அழுகும். ஆகவே பாத்தியை அரையடி உயர்த்திக் கட்டுங்கள்.

பணம் கொடுத்துத்தான் செடி வாங்க வேண்டும் என்பதில்லை. பாதி முற்றிய கிளையில் அரை அடி நறுக்கி, கீழ் இலைகளைக் களைந்து, ஈர மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். இப்படி ஒரு வீட்டுச் செடி பத்து வீட்டுக்குப் போகலாம்.

கத்தரிப்பதில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. அழகுக்காக வாரந்தோறும் வேலியைச் சமமாக வெட்டிவிடுகிறார்கள். இட்லிப்பூ கிளை நுனியில் பூப்பது. நுனியை வெட்டிக்கொண்டே இருந்தால் மொட்டும் கூடவே போய்விடும். ஒரு தடவை பூத்து உதிர்ந்த பிறகு வெட்டி, மறு பூ வரும்வரை விட்டுவிட வேண்டும்.

செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சுபோல் மாவுப்பூச்சி ஒட்டும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புநீரும் கலந்து மாலையில் தெளிக்கலாம். கடுமையான பூச்சி மருந்து பூசைப் பூவுக்கு வேண்டாம். அந்தப் பூ நம் கைக்கும் குழந்தையின் கைக்கும் வரப்போகிறது.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது அரளி. கோயில் பூக்களில் பழமையானதுதான். ஆனால் இலை, பூ, தண்டு, வேர் அனைத்திலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. மஞ்சள் அரளியின் விதை இன்னும் கொடியது. தொட்டியில் அழகுக்கு வைக்கும் பாலைவன ரோஜாவும் அதே குடும்பம்தான். கேரளத்தில் அரளி இலையை மென்ற ஓர் இளம்பெண் இறந்த செய்திக்குப் பிறகு, 2024 மே மாதத்தில் திருவாங்கூர் தேவசம் போர்டும் மலபார் தேவசம் போர்டும் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கின. நம் கோயில்களிலும் தீர்த்தத்தில் மிதக்கும் துளசியை வாயில் இடுகிறோம். திருநீற்றோடு வரும் பூவைக் குழந்தை எடுத்து மெல்லுவதும் உண்டு. ஆகவே சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அரளி வேண்டாம். இருக்கும் செடியைத் தொட்டால் கை கழுவுங்கள். வெட்டிய கிளையை எரிக்காதீர்கள், அதன் புகையும் தீங்கு. நந்தியாவட்டைப் பாலும் வாயில் படக்கூடாது. அது சாத்தும் பூவே தவிர உண்ணும் பூவன்று.

இரண்டாவது டிங்கி. ஏடிஸ் கொசு முட்டை, தேங்கிய தெளிந்த நீரில் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு அதற்குத் தொட்டில். தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது அதில் மணலை நிரப்புங்கள். பூசையறைச் செம்பிலும் பூச்சாடியிலும் உள்ள நீரை நாள்தோறும் மாற்றுங்கள். வீட்டில் கொசுப்புழு கண்டால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் விதிக்கலாம். அபராதத்தைவிடப் பெரியது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உயிர். சாமிக்கு வைத்த செடி அடுத்தவருக்கு நோய் தருமானால் அந்தப் பூசையில் புண்ணியம் ஏது?

பறிப்பதும் படைப்பதும்

காலையில் குளித்துவிட்டு வாடாத, பூச்சி அரிக்காத பூவாகப் பறியுங்கள். செடியை மொட்டையாக்காமல் சில பூக்களை வண்ணத்துப்பூச்சிக்கும் விட்டு வையுங்கள். விடியற்காலையில் அடுத்தவர் வேலிக்குள் கைநீட்டிப் பறிக்கும் வழக்கம் நம்மிடையே கொஞ்சம் உண்டு. கேட்காமல் பறித்த பூ காணிக்கையாகாது. கேட்டுப் பறியுங்கள், கூடவே ஒரு கிளையும் கேட்டு வாங்கி உங்கள் வாசலில் ஊன்றிக்கொள்ளுங்கள். கோயிலுக்குக் கொண்டுவரும் முன் எந்தச் சன்னிதிக்கு எந்தப் பூ ஏற்பார்கள் என்று குருக்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சாத்திக் களைந்த பூவைக் குப்பையில் எறியாமல் செடியடியில் மக்கவிட்டால், ஆண்டவனுக்குப் போன பூ அடுத்த பூவுக்கு எருவாகும்.

இந்த வேலையில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'இந்தத் தொட்டி உன்னுடையது. இதன் பூ முருகனுக்கு' என்று ஆறு வயதுப் பேரனிடம் சொல்லிப் பாருங்கள். தண்ணீர் ஊற்ற அவனே ஓடுவான். தேவாரமும் திருப்புகழும் பிறகு தானாக அவன் நாவில் ஏறும். கோயில் திருப்பணிக்கு வாரி வழங்கும் நன்கொடையாளர்களுக்கும் இதுவே நம் வேண்டுகோள். கோபுரத்துக்குக் கொடுத்த கை, வாசலில் ஒரு குச்சியையும் ஊன்றட்டும். பொருட்கொடை ஆண்டுக்கு ஒருமுறை, பூக்கொடை நாள்தோறும்.

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தொட்டி, ஒரு கிளை. இன்று ஊன்றும் கிளை பூக்கும்போது, அதன் முதல் பூ அன்னையின் திருவடியைச் சேரட்டும். அவளருளால் எல்லார் இல்லமும் மணம் பெறுக!