கரித்துண்டின் வயது

வைகைக் கரையிலுள்ள கீழடியில் 2018ஆம் ஆண்டு நடைபெற்ற நான்காம் கட்ட அகழாய்வில் கரித்துண்டுகள் சில கிடைத்தன. அவற்றுள் ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 580 என்று தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. எழுத்தும் எண்ணும் இல்லாத கரியில் ஆண்டினை எவ்வாறு கண்டனர்?

உயிருள்ள மரம் காற்றிலிருந்து கார்பனை ஏற்றுக்கொண்டே இருக்கும். அதன் அணுக்களுள் பெரும்பாலானவை நிறை எண் 12 கொண்டவை, சில 13. இலட்சம் கோடியில் ஏறத்தாழ ஒன்று மட்டுமே 14. மரம் பட்டபின் புதிய கார்பன் சேராது. உள்ளிருக்கும் கார்பன்-14 சிதைந்து, 5,730 ஆண்டுகளில் பாதியாகும். எஞ்சியதை அளந்தால் வயது தெரிந்துவிடும்.

அளப்பதுதான் கடினம். 1960களில் மும்பை கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திற்கு லோத்தல், காலிபங்கன் முதலிய சிந்துவெளிக் களங்களின் கரி வந்து சேர்ந்தது. அணுக்கள் சிதையும்போது வெளிப்படும் கதிர்களை அங்கே எண்ணினர். புதிய கார்பன் ஒரு கிராமில் கார்பன்-14 அணுக்கள் ஏறத்தாழ ஆறாயிரம் கோடி உள்ளன. நிமிடத்திற்குச் சிதைபவையோ பதினான்கு அளவே! ஆதலால் மிகுதியான கரியும் நெடிய காத்திருப்பும் தேவைப்பட்டன.

நிறை நிறமாலைமானி அவ்வாறு காத்திருப்பதில்லை, அணுக்களையே எண்ணுகிறது. தாராவிச் சந்துகளில் கிரிக்கெட் ஆடும் சிறுவர் இதன் அடிப்படையை அறிவர். பக்கவாட்டில் காற்று வீசினால் பிளாஸ்டிக் பந்து வெகுவாக விலகும். கனமான தோல்பந்து ஏறக்குறைய நேராகவே செல்லும். கருவியில் காற்றின் வேலையைக் காந்தம் செய்கிறது. கார்பன் அணுக்களுக்கு மின்னூட்டம் அளித்து அயனிகளாக்கி, வெற்றிடக் குழாயில் விரைவுபடுத்திக் காந்தப்புலத்தின் ஊடே செலுத்துவர். இலேசான கார்பன்-12 மிகுதியாக வளையும்; கார்பன்-14 குறைவாக வளையும். பாதை பிரிந்தபின் தனித்தனியே எண்ணலாம்.

இதில் ஓர் இடையூறு உண்டு. காற்றில் நிறைந்துள்ள நைட்ரஜனின் நிறை எண்ணும் 14தான். ஆயின் நைட்ரஜன் எதிர்மின் அயனியாக நிலைப்பதில்லை. எனவே தொடக்கத்திலேயே அனைத்தையும் எதிர்மின் அயனிகளாக மாற்ற முயல்வர். நைட்ரஜன் தானே விலகிவிடும். 1977இல் உருவான இம்முறைக்குச் சில மில்லிகிராம் கரியே போதும்.

எனினும் கருவி சொல்வது மரத்தின் காலத்தை மட்டுமே. அருகில் கிடந்த பானை ஓட்டின் வயதை அது அறியாது. கீழடியில் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்துள்ளன. அவை அக்கரியின் காலத்தவை எனில், தமிழ் எழுத்தின் தொன்மை கி.மு. ஆறாம் நூற்றாண்டைத் தொடும். ஓடும் கரியும் ஒரே மண்ணடுக்கில் கிடந்தனவா, பின்னர் யாரேனும் குழி தோண்டியதால் இடம் மாறினவா என்பதை அகழ்ந்தவர்களின் குறிப்பேடே கூற வேண்டும். அறிஞர்கள் விவாதிப்பதும் அதைப்பற்றியே.

சிந்தித்து எழுதுக: தொடக்கத்தில் இருந்த கார்பன்-14இல் கால்பங்கு மட்டுமே எஞ்சியுள்ள கரித்துண்டின் வயது யாது?