மூக்கினின்று மூளைக்குப் பரவும் பூஞ்சணம்

அழுகிய பழத்திலும் ஈரமான ரொட்டியிலும் படரும் பூஞ்சணத்தை அனைவரும் கண்டிருப்பர். ரைசோபஸ் என்பது அவ்வினத்தைச் சேர்ந்தது. மைசூர் மண்டி மொஹல்லா போன்ற வாணிபப் பகுதியிலாயினும் சிற்றூரிலாயினும், மக்கும் பொருள் உள்ளவிடமெல்லாம் அதன் நுண்வித்துக்கள் காற்றில் மிதக்கின்றன. நாள்தோறும் அவற்றைச் சுவாசித்தும் பெரும்பாலோர்க்குத் தீங்கு நேர்வதில்லை. உடலின் காப்புத் தளர்ந்தவர்களையே அது பற்றுகிறது.

இந்நோயின் பெயர் மியூகர்மைகோசிஸ். 2021-இல் கோவிட் இரண்டாம் அலையின்போது, ஜூலை நடுப்பகுதிக்குள், நாட்டில் 45,000-க்கு மேற்பட்டோர் இதற்கு ஆளாயினர்; 4,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். கர்நாடக அரசு இதன் சிகிச்சைக்கெனக் குறித்த நிலையங்களுள், மண்டி மொஹல்லாவுக்குத் தொலைவில் இல்லாத மைசூர் மருத்துவக் கல்லூரியும் ஒன்று. நோயுற்றோரில் மிகப் பலர் நீரிழிவு உடையவர்கள். பலர் ஸ்டீராய்டு மருந்து பெற்றவர்கள். அம்மருந்து கோவிட் கடுமையானபோது உயிர் காத்தது. ஆனால் ரத்தச் சர்க்கரையை உயர்த்தி, வெள்ளணுக்களின் ஆற்றலைக் குறைக்கவும் செய்தது. நீரிழிவு முற்றி ரத்தத்தில் அமிலம் மிகும்போது, புரதத்தோடு பிணைந்துள்ள இரும்பு விடுபட்டுப் பூஞ்சணத்திற்கு உணவாகிறது.

மூக்கையடுத்த எலும்புகளிலுள்ள சைனஸ் எனும் காற்றறைகளில் இது முதலில் வேரூன்றும். அவ்வறைகளுக்கும் கண்குழிக்கும் இடையே காகிதம் போன்ற மெல்லிய எலும்புத் தகடே உள்ளது. கண்குழியின் பின்னே, மண்டையோட்டின் அடியில், சிரைரத்தம் செல்லும் அறை ஒன்று உண்டு. கண்ணை இயக்கும் நரம்புகள் அதனூடே செல்கின்றன. நோய் அங்கு எட்டியதும் இமை தொங்கும், விழி அசையாது, பார்வை கெடும். பின்னர் மூளை தாக்கப்படும்.

பூஞ்சணம் ரத்தக்குழாய்ச் சுவரைத் துளைத்து உட்புகுவதால் ரத்தம் உறைந்து, திசு மடிகிறது. மடிந்த திசுவே கருப்பாகத் தோன்றுகிறது. கருமை பூஞ்சணத்தின் நிறமன்று. (செய்தித்தாள்கள் வெள்ளை, மஞ்சள் என்று வேறு நிறங்களையும் சேர்த்தமையால் விளைந்தது குழப்பமே.) ஆகவே கருமை தோன்றுமளவும் காத்திருத்தல் கூடாது. ஒருபக்க முகவலி அல்லது மரமரப்பு, மூக்கடைப்பு, ரத்தம் கலந்த சளி, மேற்பல் ஆட்டம், இமைவீக்கம், பொருள்கள் இரண்டாய்த் தெரிதல் ஆகியவற்றில் ஒன்று நீரிழிவுக்காரரிடம் காணப்பட்டாலும், அன்றே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் வேண்டும். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஆதலின் நோயாளியின் வீட்டாரை ஒதுக்கிவைக்கக் காரணமில்லை.

அங்கே திசுத்துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்து நோயை அறிவர். ஆம்போடெரிசின் மருந்தைச் சிரைவழி செலுத்துவர். அது சிறுநீரகத்தைத் தாக்கக்கூடுமாதலால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்வர். ஆயினும் ரத்தம் பாயாத திசுவை மருந்து சென்றடைவதில்லை. அதனாலேயே மடிந்த பகுதியை அறுத்து நீக்க நேர்கிறது. சிலருக்கு மேல்தாடையும் கண்ணும் அதில் அடங்கும்.